வீடு பார்க்க ஓர் அப்பா

ஓசூர் பக்கம் வாடகைக்கு வீடு பிடிக்க வேண்டுமென்றால் முதலில் ஓர் ஆம்பளை வேண்டும். வேலை இருக்கிறது, அட்வான்ஸ் கையில் இருக்கிறது, கழுத்தில் தாலிகூடத் தொங்குகிறது என்று காட்டினாலும், "வீட்ல பெரியவங்க வந்து பேசட்டும்மா" என்று கேட்டைச் சாத்திவிடுவார்கள். புருஷனை விட்டு வந்தவள் பெரியவங்களுக்கு எங்கே போவது? எனக்கு ஓர் அப்பா இருந்தார், விருதுநகர் பக்கம், கல்லுக்குண்டு மாதிரி. அவர் வர மாட்டேன் என்றார். அதனால் வேறோர் அப்பாவை ஏற்பாடு செய்துகொண்டேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை.

போனுக்கு உதிரி பாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் அப்போது நான் காண்ட்ராக்ட்டில் இருந்தேன். தங்கல் ஹாஸ்டலில், ஓர் அறைக்கு ஆறு கட்டில். என் மகள் ஊரில் அப்பா அம்மாவிடம் வளர்ந்தாள். ஜூனில் அவளை ஒண்ணாங்கிளாஸ் சேர்க்க வேண்டும். அப்பா போனில் கறாராகச் சொல்லிவிட்டார். நாலு பேர் மதிக்கிற மாதிரி ஒரு வீடு எடுத்தால் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவாராம். இல்லையென்றால் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்துவிடுவாராம். அங்கே சேர்த்துவிட்டால் அப்புறம் அவள் எனக்குப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும்தான் மகள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். சரிப்பா, வந்து நீங்களே வீடு பேசிக் கொடுங்கள் என்றேன். "நீயாத்தான போன. நீயாவே பாத்துக்க" என்று போனை வைத்துவிட்டார்.

என் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் வாயில் பொய் வராது. பஸ்ஸில் எனக்கு அரை டிக்கெட் வயசு தாண்டிய மறுநாளே முழு டிக்கெட் கேட்டு வாங்கியவர். கண்டக்டரே "இருக்கட்டும் பெரியவரே" என்று சொல்லியும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கடன்காரனுக்குப் பயந்து உள்ளே ஒளிந்திருந்தபோது, வாசலில் நின்று கேட்டவனிடம் "உள்ளதான் இருக்காரு" என்று காட்டிக்கொடுத்தவர். அந்த வீட்டோடு எங்களுக்கு இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

நான் ஏற்பாடு செய்த அப்பா எங்கள் கம்பெனி வேன் டிரைவர். ஷிப்ட் முடிந்து எல்லோரையும் இறக்கிவிட்டுக் கடைசியில் என்னை இறக்குவார், அதனால் முன்சீட்டு எனக்கு. சூளகிரிப் பக்கத்து ஆள். ஐம்பதைத் தாண்டியவர், மீசைக்குச் சாயம் அடித்து அடித்து அது பூட் பாலிஷ் போட்டது மாதிரி இருக்கும். வீட்டில் பேசுவது தெலுங்கு. ரொம்ப காலம் லாரி ஓட்டியதில் கன்னடம், இந்தி, மலையாளம் எல்லாம் தண்ணிபட்ட பாடு. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் பெங்களூரில், வீட்டில் இவர் மட்டும். நான் அப்பாவிடம் போனில் மல்லுக்கட்டியதை எல்லாம் கேட்டுக்கொண்டே ஓட்டியவர், ஒருநாள் ஸ்டியரிங்கை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"இன்னாமா, ஒரு அப்பாதானே வேணும்? ஞாயித்துக்கெழம நான் சும்மாதான் கீறேன்."

கூலி என்று எதுவும் வேண்டாமாம். அவருடைய பழைய ஆம்னி காருக்குப் பெட்ரோலும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பிரியாணியும் போதுமாம். முதலில் சிரித்தேன். அப்புறம் யோசித்தேன். வீட்டுக்காரர்கள் ஆதார் கேட்பார்கள், கேட்டால் என்ன? கல்யாணத்துக்கு அப்புறம் மாற்றிய அட்டை, அதில் புருஷன் பேர்தான் இருந்தது. அப்பா இடம் காலியாகத்தான் கிடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிட்டோம். பாகலூர் ரோட்டில் வண்டியை ஓரங்கட்டி ஒத்திகை பார்த்தோம். எங்கள் ஊர், எங்கள் கோவில், அம்மா பேர் எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். என்னைப் பாப்பா என்று கூப்பிட்டார். எங்கள் பக்கம் மகளைத் தாயி என்று கூப்பிடுவார்கள் என்றேன். அது அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. தாயி, தாயி என்று நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தார். அங்கிட்டு இங்கிட்டு என்று எங்கள் ஊர்ப் பேச்சும் கொஞ்சம் கற்றுக்கொண்டார். மாப்பிள்ளை எங்கே என்று கேட்டால் துபாய் என்று சொல்வதாக முடிவு செய்தோம்.

முதல் வீடு ஓசூருக்குள்ளேயே, ஒரு மாடி வீடு. வீட்டுக்கார தம்பதி தெலுங்கு பேசுகிறவர்கள். எங்களிடம் தமிழில் நன்றாகத்தான் பேசினார்கள். என் புது அப்பா பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி மூலை மூலையாகச் சுவரைத் தட்டிப் பார்த்தார். எல்லாம் கூடிவந்த நேரத்தில் அந்த அம்மா புருஷன் பக்கம் திரும்பித் தெலுங்கில் ஏதோ சொன்னார். தெக்கத்தி ஆட்கள், இவர்களுக்கு இங்கத்து நிலவரம் தெரியாது, கூடக் கேள் என்று சொன்னாராம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த பாஷையில் பேச்சு காதில் விழுகிறதோ அந்த பாஷையில் வாய் தானாகப் பதில் சொல்லிவிடும். மனுஷன் சுத்தமான சூளகிரித் தெலுங்கில், பக்கத்துத் தெருவில் என்ன வாடகை போகிறது என்று எனக்குத் தெரியாதா என்று எகிற ஆரம்பித்துவிட்டார். அந்த அம்மா முகத்தில் ஈயாடவில்லை. விருதுநகரில் பிறந்து வளர்ந்ததாகச் சொன்ன ஆள் எப்படி இப்படிப் பேசுகிறார் என்று புருஷன் யோசிக்கத் தொடங்குவதற்குள் அவரை இழுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

அடுத்த ஞாயிறு தளிப் பக்கம். குளிர்ச்சியான இடம், வீட்டைச் சுற்றிப் பூச்செடி, பார்த்ததும் எனக்கு மனசு அங்கேயே உட்கார்ந்துவிட்டது. வீட்டுக்காரர் கன்னடத்தில் பேச, இவரும் கன்னடத்தில் பேசி, லாரிக்காரன் சார், எல்லா பாஷையும் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். சென்ற வாரத்துப் பாடம் அது. மாப்பிள்ளை துபாயில் என்றதும் வீட்டுக்காரர் ஆவலாக, நானும் அங்கேதான் இருந்தேன், எந்த இடம் என்று கேட்டார். அப்பாவுக்குத் துபாயில் ஓர் இடமும் தெரியாது. திருதிருவென்று விழித்தவர், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்து, "போய்ட்டாரு சார். போன வருசம்" என்று என் புருஷனைக் கொன்றேவிட்டார். வீட்டுக்காரர் மனைவி மெதுவாக என் கழுத்தைப் பார்த்தார். தாலி பளபளவென்று தொங்கியது.

வழியெல்லாம் வண்டியில் அவரைக் காய்ச்சி எடுத்தேன். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு ஓட்டியவர், உயிரோடு இருந்து உனக்கு அவன் என்னத்தைச் செய்துவிட்டான் என்று அப்பாவியாகக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீக்கடையில் வண்டியை நிறுத்தியும் சிரிப்பு அடங்கவில்லை, கையில் பிடித்த டீ சிந்திப் புடவையெல்லாம் ஆயிற்று. புருஷன் வீட்டை விட்டு வந்த பிறகு நான் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

இதற்குள் எங்கள் கதை கம்பெனியில் நான் நிற்கிற லைனில் பரவிவிட்டது. கூட வேலை பார்த்த ஒரு பெண், மத்தூர்க்காரி, அழாத குறையாக வந்து நின்றாள். அவள் ஹாஸ்டலில் இருப்பது வீட்டுக்குப் பிடிக்கவில்லை, வேலையை விட்டு வரச் சொல்கிறார்கள், மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். டிரைவரும் நானும் கிருஷ்ணகிரியைத் தாண்டி மத்தூர் போனோம். இந்தத் தடவை அவர் வீட்டுக்காரர், நான் வீட்டுக்காரர் மகள். உங்கள் பெண் எங்கள் வீட்டில்தான் குடியிருக்கிறது, ஏழு மணிக்கு மேல் வாசலில் நின்றால் நானே சத்தம் போடுவேன் என்று அவள் அம்மாவிடம் நான் அளந்ததில், எங்கள் டிரைவரே வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் பார்த்துக்கொண்டால் எனக்குக் கவலை இல்லை என்றார். ஒரு பை மாம்பழமும் கொடுத்து அனுப்பினார். அந்தப் பெண் இன்றைக்கும் வேலையில் இருக்கிறாள், இப்போது அவள்தான் எங்கள் லைனில் லீடர். சொன்ன பொய்யை மெய்யாக்க, ஏழு மணிக்கு அவள் ஹாஸ்டலில் இருக்கிறாளா என்று நான் தினமும் போன் போட்டுக் கேட்டதும் உண்மை.

ஆனால் எனக்கு வீடு அமையவில்லை. மே மாதம் பிறந்துவிட்டது. மகள் போனில், ஊர்ப் பள்ளிக்கூடத்து யூனிபார்ம் என்ன கலர் என்று தாத்தா விசாரித்துக்கொண்டு வந்ததாகச் சொன்னாள்.

ஓசூரை அடுத்த பேரிகையில் ஒரு வீடு இருப்பதாக டிரைவர்தான் விசாரித்து வந்தார். தக்காளியும் குடைமிளகாயும் போடுகிற குடும்பம், தோட்டத்தை ஒட்டி வரிசையாக நாலு சின்ன வீடு கட்டி விட்டிருந்தார்கள். வேன் அந்த வழியாகத்தான் போகும், பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். வீட்டுக்காரம்மாதான் எல்லாம். ஆளை ஏற இறங்கப் பார்த்தே கணக்குப் போடுகிற ரகம். இந்தத் தடவை டிரைவர் ரொம்பப் பேசவில்லை. மாப்பிள்ளை சரியில்லை, நான்தான் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன், பிள்ளையோடு இருக்க ஒரு வீடு வேண்டும் என்றார். முதல் தடவையாக உண்மையைச் சொன்னார், ஆளை மட்டும் மாற்றிச் சொன்னார். என் சொந்த அப்பா ஒருநாளும் சொல்லாத வார்த்தை அது.

வீட்டுக்காரம்மா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். புருஷன் வீட்டில் சரியில்லாத பெண்ணுக்கு அப்பன் துணை இருந்தால் யாரும் ஒன்றும் பேச முடியாது, ஆனால் நீங்கள் அடிக்கடி வந்து போக வேண்டும், ஊர் கண்ணில் படவேண்டும் என்று நிபந்தனை போட்டார். அவர் வருவதாகத் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். பால் காய்ச்சினோம். அதிலிருந்து ஞாயிறு தவறாமல் வந்து, ஊர் பார்க்க வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, என் கையால் சாப்பிட்டுப் போவார்.

வீடு கிடைத்துவிட்டது என்று அப்பாவுக்குப் போன் போட்டேன். யார் வந்து பேசினது என்று கேட்டார். வீட்டுக்காரம்மா நல்ல மாதிரி என்றேன். என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையை விடுவேன், பிடிக்கவில்லை என்றால் அதே கையோடு கூட்டிப் போய்விடுவேன் என்றார். எப்போது வருவார் என்று சொல்லவில்லை. சொல்வார் என்று நினைத்திருந்தேன். சொன்னால் அன்றைக்கு டிரைவரை வராமல் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். டிரைவர் உள்ளே இலை போட்டு உட்கார்ந்து கோழிக்குழம்பில் கை வைத்திருந்தார். வீட்டுக்காரம்மா தோட்டத்துக் கொத்தமல்லிக் கட்டு ஒன்றைக் கொடுக்க வந்து வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார். ஆட்டோ வந்து நின்றது. அப்பா இறங்கினார், கையில் மகள், தோளில் பை.

மகள் ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். இதுதான் உன் பொண்ணா என்று வீட்டுக்காரம்மா அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து என் அப்பாவைப் பார்த்தார்.

"நீங்க யாருங்க? இவங்கப்பாவுக்கு என்னா வேணும்? அவரு உள்ளதான் சாப்பிட்டுக்கினு இருக்காரு."

அத்தனை வீட்டில் அத்தனை புளுகு புளுகியவள், அந்த அம்மா கையிலிருந்த கொத்தமல்லிக் கட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா எட்டி உள்ளே பார்த்தார். டிரைவர் எழுந்துகொள்வதா, உட்கார்ந்தே இருப்பதா என்று தெரியாமல், சோறு பிசைந்த கையோடு பாதி எழுந்த வாக்கில் நின்றார். அப்பா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்தார். நான்தான் அவளைப் பெத்தவன், அவன் யாரு என்று இப்போது கேட்பார். கேட்க அவருக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. கேட்டால் சாயந்தரத்துக்குள் நான் வீட்டைக் காலி செய்ய வேண்டும், பிள்ளை வந்த ஆட்டோவிலேயே திரும்பிவிடும். ஆட்டோக்காரர் வேறு மீதிச் சில்லறைக்காகப் பையைத் துழாவிக்கொண்டு இன்னும் நின்றார்.

அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

"அவரு எனக்கு அண்ணன்" என்றார். "நான் சின்னவன்."

வீட்டுக்காரம்மாவுக்கு அவ்வளவு சீக்கிரம் ஒட்டவில்லை. என் அப்பாவின் நரைத்த தலையைப் பார்த்து, உள்ளே இருந்த பாலிஷ் மீசையைப் பார்த்து, தம்பி அண்ணனைவிட மூத்தவராட்டம் இருக்காரே என்றார். அதற்குள் டிரைவருக்கு உயிர் திரும்பிவிட்டது. இவன் வெயிலில் காட்டுவேலை செய்தவன், நான் லாரியில் நிழலில் உட்கார்ந்து போனவன் என்றார். அப்போதும் அந்த அம்மா விடவில்லை. குனிந்து என் மகளிடம், இவர் யாரு கண்ணு என்று என் அப்பாவைக் காட்டிக் கேட்டார்.

"தாத்தா" என்றாள் மகள்.

வீட்டுக்காரம்மா தலையை ஆட்டிக்கொண்டார். தாத்தாவின் தம்பியும் தாத்தாதானே. கொத்தமல்லிக் கட்டை என் கையில் கொடுத்துவிட்டு, வந்தவருக்கு முதலில் சோறு போடு என்று சொல்லிப் போனார்.

டிரைவர் தொண்டையைச் செருமினார். "வா தம்பி. கை கழுவிக்கினு உக்காரு" என்றவர், வெளியே கேட்கிற மாதிரி, தம்பிக்கு இலை போடு தாயி என்றார். அந்தத் தாயியைக் கேட்டதும் அப்பா சட்டென்று திரும்பிப் பார்த்தார். கை கழுவி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இரண்டு பேரும் தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். நான் பரிமாறினேன். யாருக்கு முதலில் போடுவது என்று தெரியாமல் இரண்டு இலைக்கும் நடுவில் கரண்டி தத்தளித்தது. ரசத்துக்கு வந்தபோதுதான் அப்பா, நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். டிரைவர் சொன்னார். உங்கள் பெண் எங்கள் வண்டியில்தான் வரும் என்று சேர்த்துச் சொன்னார். வண்டியைப் பத்திரமாக ஓட்டுவீர்களா என்று அப்பா கேட்டார். ஓட்டுவேங்க என்றார் டிரைவர், அவ்வளவு பணிவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

சாப்பிட்டு எழுந்து அப்பா வீட்டைச் சுற்றிப் பார்த்தார். குழாயைத் திறந்து பார்த்தார். ஜன்னல் கம்பியை உலுக்கிப் பார்த்தார். பாத்ரூம் தாழ்ப்பாள் ஆடுகிறது என்று திருப்புளி கேட்டார், டிரைவர் ஆம்னியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஒருவர் பிடித்துக்கொள்ள ஒருவர் முடுக்கினார். வீடு பிடித்திருக்கிறதா, பிள்ளையை விடுவீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரை வந்தது. கேட்கவில்லை. பிள்ளையோ அதற்குள் என் கட்டிலில் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டாள். அப்பா கொண்டுவந்த பையைத் திறந்து, அவள் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து என் அலமாரியின் கீழ்த்தட்டில் அடுக்கினார். நான் அடுப்படியில் திரும்பி நின்றுகொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

சாயந்தரம் ஆம்னியில் அவரை ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து விட்டோம். பிள்ளை என் தோளில் இருந்தாள். சேலம் பஸ்ஸில் சீட்டுப் பிடிக்க டிரைவர் துண்டோடு முன்னால் ஓடினார். அப்பாவும் நானும் கீழே நின்றோம். இருட்ட இன்னும் நேரம் இருந்தது. ஷிப்ட் முடிந்த ஜனம் எங்களை இடித்துக்கொண்டு போனது.

"இனிமே இங்கிட்டு வந்தா நான் உனக்குச் சித்தப்பந்தானா?" என்று கேட்டார்.

அந்த வீட்டில் இருக்கிற வரைக்கும் அப்படித்தான் என்றேன். மழுப்பவில்லை. அவர் சரி என்று தலையை ஆட்டினார். பிள்ளையின் காலில் நழுவியிருந்த கொலுசைத் தள்ளிவிட்டார். டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, சீட்டு கிடைத்துவிட்டது என்று கை காட்டினார். அப்பா படியில் ஒரு காலை வைத்தவர் திரும்பினார்.

"வீடு பேச நான் வந்திருக்கணும்" என்றார்.

பரவாயில்லைப்பா என்று சொல்லியிருக்கலாம். எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. "ஆமாப்பா, வந்திருக்கணும்" என்றேன். அவர் ஏறி, அந்த ஜன்னலோரத்தில் வந்து உட்கார்ந்தார். அங்கே எங்களைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. பஸ் நகரும்போது நான் அப்பா, அப்பா என்று சத்தமாகவே கூப்பிட்டேன்.